காரை எலும்புக்குக் கீழே

பேத்தி எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பாட்டி ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குப் பிடி கொடுத்ததில்லை. இருமல், மூட்டுவலி, படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியது என்று எதற்கும் ஆஸ்பத்திரிக்கு வருவாள். வரிசையில் நிற்பாள், மாத்திரை வாங்குவாள், பேத்தியோடு டீ குடிப்பாள். எக்ஸ்ரே அறை இருக்கும் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

"என் எலும்பை எண்ணிப் பாத்து நீ என்னடி பண்ணப் போறே? எண்ணித்தான் வெச்சு அனுப்பியிருக்கான்" என்பாள்.

போர்க்காலத்தில் நர்ஸாக இருந்தவள், ரத்தத்தில் முழங்கால்வரை நின்றவள், ஒரு படம் எடுக்கப் பயப்படுகிறாளே என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். பாட்டியும் சேர்ந்து சிரிப்பாள். போரைப் பற்றி அவள் சொல்வதெல்லாமே சிரிப்புக் கதைகள்தான். பஞ்சு மூட்டைக்குள் எலி குட்டி போட்டது, சமையல்காரர் சர்க்கரை என்று உப்பை அள்ளிப் போட்ட டீயை ஒரு வார்டே முகம் சுளிக்காமல் குடித்தது என்று. அவற்றைக் கேட்டு வளர்ந்த பேத்திக்கு, போர் என்றால் ஏதோ கல்லூரி விடுதி போல என்றுதான் சின்ன வயதில் எண்ணம்.

அந்தப் பாட்டியை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். பேச்சு மூச்சில்லை. பின்னால் அம்மா செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடிவந்தாள். அம்மாவுக்குப் பின்னால் தாத்தா, பாட்டியின் கண்ணாடிக் கூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து.

"இடுப்பு, நெஞ்சு ரெண்டும் எடுத்துடுங்க" என்றாள் டியூட்டி டாக்டர். "உங்க பாட்டியாச்சே. வேற யாரையாவது கூப்பிடவா?"

"நானே எடுக்கறேன் டாக்டர்."

கதவைச் சாத்திவிட்டு அவள் பாட்டியின் முதுகுக்குக் கீழே தட்டைச் செருகினாள். பஞ்சு போலக் கனமில்லாமல் இருந்தாள் பாட்டி. "மன்னிச்சுக்கோ பாட்டி, கடைசியில உன்னை மடக்கிட்டேன்" என்று காதருகில் சொன்னாள். பிறகு தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய் பொத்தானை அழுத்தினாள்.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். நெஞ்சுப் படம் திரையில் விரிந்தபோதுதான் அவளுக்குக் கை ஓடவில்லை. இடது காரை எலும்புக்குக் கீழே, விலா எலும்புகளுக்கு மேலே, ஒரு வெள்ளைப் பொட்டு. எலும்பின் வெள்ளை வேறு, உலோகத்தின் வெள்ளை வேறு. எலும்பு சுண்ணாம்புச் சுவர் மாதிரி மங்கலாக இருக்கும், உலோகம் கண்ணைக் குத்தும். இது கண்ணைக் குத்தியது.

ஊக்கோ கொக்கியோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் போய்ப் பார்த்தாள். ஒன்றுமில்லை. துணியை விலக்கினாள். அங்கே அவள் குழந்தையிலிருந்து பார்த்த சுருங்கிய தழும்பு ஒன்று இருந்தது. குண்டு வீச்சில் ஜன்னல் உடைந்து கண்ணாடி குத்தியது என்று பாட்டி சொல்லியிருக்கிறாள். மறுபடி எடுத்தாள். பிறகு பாட்டியைச் சற்றுச் சாய்த்து, பக்கவாட்டில் ஒன்று. அது உடம்புக்கு வெளியே இல்லை. உள்ளே, ஆழத்தில், தோள்பட்டை எலும்பை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு முனை உருண்டை. மறுமுனை தட்டை.

காசை விழுங்கிய குழந்தைகளையும், தொடையில் ஆணி ஏறிய தச்சர்களையும் படமெடுத்தவள் அவள். இது போல ஒன்றை அவள் பார்த்ததில்லை. டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் வந்து திரையருகே குனிந்தாள். நிமிர்ந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "துப்பாக்கிக் குண்டுங்க இது. பழசு. சுத்தி எல்லாம் ஆறி இறுகிப் போயிருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது மட்டும் இப்போது ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. பாட்டி இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கி யாரும் பார்த்ததில்லை. தலைகூட அவளாக வாரிக்கொண்டதில்லை. தினமும் காலையில் தாத்தாதான் வாரி, சிக்கெடுத்து, பின்னிவிடுவார். "இப்படிப் பொண்டாட்டிதாசனா ஒருத்தன் உண்டா!" என்று உறவெல்லாம் கேலி செய்யும். "என் தையல் மெஷினுக்கு நூல் கோக்கறேன், இவளுக்கு முடி கோக்கறேன். ரெண்டும் தொழில்தான்" என்பார் தாத்தா.

வெளியே வந்து அம்மாவைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னாள். அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் விடை வரும்வரை விடாத ஆள். அவளே பேயறைந்தது போல நின்றாள்.

"குண்டா? எங்கம்மாவுக்கா? என்னடி உளர்றே?"

"படம் இருக்கும்மா."

"நான் அவங்க மடியில வளந்தவடி. அந்த நெஞ்சுல சாஞ்சு தூங்கினவ. எனக்குத் தெரியாம எப்படி?" அம்மாவுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. "அப்பாவுக்குத் தெரியுமா?"

இருவரும் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டியின் கண்ணாடியைக் கூட்டிலிருந்து எடுத்து, சட்டை முனையால் துடைத்து, மறுபடி உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவாயிற்று.

பாட்டி கண் விழிக்கவே இல்லை. மறுநாள் சாயங்காலம் போய்விட்டாள். கேட்க வேண்டியவளிடம் கேட்க வழியில்லாமல் போயிற்று.

காரியங்களெல்லாம் முடிந்து வீடு ஓய்ந்தபின் பேத்தி டிரைவர் தாத்தாவைத் தேடிப் போனாள். போரில் பாட்டி வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் ஓட்டியவர் அவர். அந்தக் காலத்து மனிதர்களில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான். மகனுடைய டயர் கடைக்குப் பின்னால் ஒரு அறை. ரப்பர் வாடை. சுவரோரம் அடுக்கிய பழைய டயர்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் அவளைப் பார்த்ததும் துண்டால் கண்ணைத் துடைத்தார். இழவுக்கு வந்து அழுதது போதவில்லை போலிருக்கிறது.

அவள் சுற்றி வளைக்கவில்லை. கைப்பேசியில் இருந்த படத்தை நீட்டினாள். "இது என்ன தாத்தா?"

பெரியவர் கைப்பேசியை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். கடை முன்னால் யாரோ சம்மட்டியால் டயரை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் அவர் தோள் குலுங்கியது.

"இத்தனை நாளா அங்கேயேதான் இருந்துச்சா?" என்றார். "நான் வாயைத் திறக்க மாட்டேன்னு சிஸ்டருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்மா."

"பாட்டி போயாச்சு தாத்தா."

"அதான். வாக்கு வாங்கினவங்க போயிட்டா அதைத் திருப்பி யார்கிட்டக் குடுக்கறது?"

அவள் எழுந்திருக்கவில்லை. அவரும் போகச் சொல்லவில்லை. கடைசியில் அவராகவே ஆரம்பித்தார்.

"அது பள்ளிக்கூடம்மா. பெஞ்சைச் சேத்துப் போட்டுக் கட்டிலாக்கியிருந்தோம். கரும்பலகையில புள்ளைங்க போட்ட கணக்கு அப்படியே இருந்துச்சு, அழிக்க யாருக்கும் மனசு வரலை. உன் தாத்தாவை நான்தான் வண்டியில கொண்டுவந்து இறக்கினேன். தொடையில காயம். சீழ் பிடிச்சு, ஜுரம்னா ஜுரம், கிட்டப் போனாலே அனல் அடிக்கும். எங்க இருக்கோம்னே தெரியாம என்னென்னவோ கத்துவார். பக்கத்துப் பெஞ்சில ஒரு ஆபீசர் கிடந்தார், நினைவே இல்லாம. அவரோட கைத்துப்பாக்கி தலைமாட்டுல. அதை எடுத்துப் பத்திரப்படுத்தணும்னு எங்க யாருக்கும் தோணலை பாரு."

அவர் நிறுத்தினார். அவளுக்கு அடுத்து வரப்போவது என்ன என்று பாதி தெரிந்துவிட்டது. தெரிந்தது பொய்யாகப் போகட்டும் என்று இருந்தது.

"மத்தியானம். வெளியே ஷெல் விழுந்துக்கிட்டே இருக்கு, ஓடெல்லாம் சரியுது. சிஸ்டர் முகத்துல துணியைக் கட்டிக்கிட்டு, கையில எனாமல் பேசின்ல தண்ணியோட புண்ணைக் கழுவப் போறாங்க. நான் வாசப்படியில நிக்கறேன். அவர் கண்ணைத் தொறந்தார். சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டரையா பார்த்தார்? யாரைப் பார்த்தாரோ. கை அந்தப் பக்கம் போச்சு. நான் கத்தறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. குண்டு பேசினை ஓட்டை போட்டுக்கிட்டு உள்ளே போயிருச்சு. பேசின் மட்டும் நடுவுல இல்லேன்னா அன்னிக்கே சிஸ்டர் இல்லை."

"தாத்தாவா?" என்றாள். அது அவள் குரல் போலவே இல்லை. "எங்க தாத்தாவா?"

"உங்க தாத்தாதாம்மா."

ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத தாத்தா. தையல் மெஷினில் ஊசி உடைந்தால்கூட "பாவம்" என்கிற தாத்தா. பெரியவர் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். பாதி கீழே சிந்தியது.

"சுட்டுட்டு அவர் அப்படியே மயங்கிட்டார். ஷெல் சத்தத்துல மத்தவங்களுக்கு எதுவும் தெரியலை. டாக்டர் ஓடிவந்து பார்த்தார். 'இது மேலிடத்துக்குத் தெரிஞ்சா நாளைக்கே இவனைச் சுவத்துல நிறுத்திச் சுட்டுடுவாங்க'ன்னார். சிஸ்டர் கீழே கிடக்காங்க, ரத்தம் கொட்டுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஜன்னல் கண்ணாடி டாக்டர். நான் ராப்பகலா ஒக்காந்து இந்த ஆளு ஜுரத்தை இறக்கறது சுவத்துல நிறுத்தறதுக்கா?' அப்படின்னாங்க. டாக்டர், நான், சிஸ்டர். மூணே பேர். காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சோம். அந்த ஆபீசரும் மறுநாள் போயிட்டார்."

"குண்டை ஏன் எடுக்கலை?"

"அங்க இருந்த கத்தியை வெச்சு எடுத்தா உயிரும் சேர்ந்து வந்துடும்னார் டாக்டர். பின்னாடி எடுத்திருக்கலாம். நானே ஒரு தடவை கேட்டேன். 'எடுத்தா ஒரு கிண்ணத்துல போட்டு வீட்டுக்காரர் கையில காட்டுவாங்கய்யா. அவர் பட்டாளத்துல துப்பாக்கி ரிப்பேர் பார்த்த ஆளு'ன்னாங்க."

அவள் கேட்க நினைத்ததைக் கேட்டாள். "அப்புறம் எப்படி தாத்தா அவரையே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க?"

"அதையும் கேட்டேன், விடுவேனா? உன் தாத்தாவுக்கு ஜுரம் எறங்கி முதல் தடவையா நினைவு வந்தப்ப, எதிரே சிஸ்டர் கட்டோட நின்னாங்களாம். அவர் கண்ணுல தண்ணி. 'உங்களுக்கு யார் இப்படிப் பண்ணினது?'ன்னு கேட்டாராம். 'அந்த ஆஸ்பத்திரியில எனக்கு என்ன ஆச்சுன்னு கேட்ட ஒரே ஆளு அவர்தான்யா'ன்னாங்க சிஸ்டர்."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் ஒரே முடிவில் இருந்தாள். தாத்தாவுக்கு இது தெரியவே கூடாது. பாட்டி ஆயுள் முழுக்கக் கட்டிக்காத்ததை நான் ஒரு நாளில் உடைக்க மாட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து என்ன பொய் சொல்வது என்றுகூடத் தயார் செய்தாள்.

கதவைத் திறந்த அம்மாவின் முகமே சரியில்லை. "நான் அப்பாகிட்டச் சொல்லிட்டேன்டி. குண்டு இருந்ததை. மனசுல வெச்சுக்க முடியலை. அவருக்கும் தெரியாதாம். உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கார்."

அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். அறையில் தாத்தா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினார். "காட்டு."

"எதுக்கு தாத்தா இப்ப? டிரைவர் தாத்தாவைப் பார்த்துட்டுத்தான் வரேன். எதிரிப் படைக்காரன் ஒருத்தன் தூரத்துலேருந்து சுட்டானாம். பாட்டி உங்களை அங்க பாக்கறதுக்கு முன்னாடியே நடந்ததாம்."

"காட்டும்மா."

காட்டாமல் இருக்க முடியவில்லை. தாத்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். கட்டைவிரலால் திரையைத் தொட்டபோது படம் பெரிதாயிற்று. அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பக்கவாட்டுப் படத்தைக் கேட்டார். அதையும் பார்த்தார்.

"இது தூரத்துலேருந்து சுடறது இல்லை. கைத்துப்பாக்கியில போடறது. எதிரிகிட்ட இந்த மொண்ணை மூக்குக் கிடையாது. இது எங்களோடது. ஆபீசருங்களுக்கு மட்டும் குடுத்தது. அந்தத் துப்பாக்கி நான் எத்தனை பிரிச்சு மாட்டியிருக்கேன்." எங்கோ தப்பாகக் கணக்கு எழுதியிருக்கிறது என்று சொல்பவர் போல நிதானமாகத்தான் சொன்னார். "நம்ம ஆளு எவன் அவளைச் சுட்டான்?"

அவள் பேசவில்லை. பேசாமல் இருந்தது தப்பு என்று தெரிவதற்குள் தாத்தா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"எனக்கு ஒரு கனவு வரும்" என்றார். "மூஞ்சி இல்லாத ஒருத்தன். வாயிருக்க வேண்டிய எடத்துல வெறும் துணி. கையில ஏதோ பளபளன்னு. என்னை நோக்கி வருவான். நான் சுடுவேன். சுட்டதும் தண்ணி கொட்டற சத்தம் கேக்கும். அது ஏன் தண்ணி கொட்டுதுன்னு எனக்குப் புரிஞ்சதே இல்லை. கத்திக்கிட்டு எழுந்திருப்பேன். அவதான் முதுகைத் தடவிக்குடுப்பா. 'கனவுங்க. வெறும் கனவு. ஒண்ணும் நடக்கலை, தூங்குங்க' அப்படிம்பா. எத்தனை தடவை... எத்தனை தடவைம்மா அவகிட்டயே சொல்லியிருக்கேன்."

அவர் கையிலிருந்து கைப்பேசி நழுவி மெத்தையில் விழுந்தது.

"புண்ணைக் கழுவற பேசினா அது? அதுல தண்ணி இருந்துச்சா?" என்றார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

தாத்தா அழவில்லை. அழுதிருந்தால் கட்டிப் பிடித்திருப்பாள். வாயைத் திறந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வலது கையைத் தூக்கித் தனக்கு முன்னால் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு எவனோ மறந்து விட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல.

அடுத்த சில நாட்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. தாத்தா அந்த அறையில் படுக்க மாட்டேன் என்று கூடத்து நாற்காலியிலேயே கிடந்தார். என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டுக் கேட்டு அலுத்தாள். பாட்டி போன துக்கம் என்று பேத்தி பூசி மெழுகினாள். ஒரு காலையில் அவராக எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு, "டிரைவர்கிட்டக் கூட்டிட்டுப் போ" என்றார்.

டயர் கடை அறையில் இரண்டு கிழவர்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒன்றையும் விடாமல் சொல்ல வேண்டும் என்றார் தாத்தா. டிரைவர் தாத்தா தயங்கித் தயங்கி முழுவதையும் சொன்னார். நடுவில் ஓர் இடத்தில்கூடத் தாத்தா கண்ணைத் தாழ்த்தவில்லை. முடிந்ததும் மெதுவாகக் கேட்டார். "என்கிட்ட ஏன் சொல்லலை? நீயாவது?"

"சொன்னா நீங்க ஓடிப் போயிருப்பீங்க. சிஸ்டர் அதைத்தான் பயந்தாங்க."

"ஓடித்தான் போயிருப்பேன்" என்றார் தாத்தா. அப்புறம் திடீரென்று அவருக்குக் கோபம் வந்தது. கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தார். "பாவி! மகா பாவி! கத்திரிக்கோல் பட்டு என் விரல் கிழிஞ்சா ஊரைக் கூட்டுவா. தன் நெஞ்சுல என் குண்டை வெச்சுக்கிட்டு என் பக்கத்துலயே படுத்திருந்திருக்கா. ஒரு தடவை திட்டியிருக்கலாம்ல? ஒரே ஒரு தடவை?" அதற்குப் பிறகுதான் அழுதார். டிரைவர் தாத்தா எழுந்து போய்க் கடைப்பக்கக் கதவைச் சாத்தினார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் தாத்தா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அம்மாவை உட்காரச் சொன்னார். பேத்தி கண்ணாலேயே வேண்டாம் என்று கெஞ்சினாள். அவர் பார்க்கவில்லை.

"உங்கம்மாவைச் சுட்டது நான்தாம்மா."

அம்மா சிரித்தாள். சட்டென்று வந்த சிரிப்பு அது. அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்து மகளைப் பார்த்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே உதட்டில் செத்துப்போயிற்று. தாத்தா தொடர்ந்து சொன்னார். ஜுரத்தை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. அதைப் பேத்திதான் நடுவில் புகுந்து சொல்ல வேண்டியிருந்தது. அம்மா கேட்டு முடித்தாள், எழுந்தாள், சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குழாய் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் அவரோடு பேசவில்லை. தட்டு வைத்தாள், மாத்திரை எடுத்து வைத்தாள், சட்டையைத் துவைத்துப் போட்டாள். பேச்சு மட்டும் இல்லை. பேத்தி ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நெஞ்சுப் படம் திரையில் விரியும்போதும் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வெறும் விலா எலும்புகளைப் பார்த்த பிறகுதான் விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் அம்மா தாத்தாவின் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. சண்டை போட்டார்களா, அழுதார்களா, தெரியவில்லை. பேத்தி செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"எனக்குத் தெரிஞ்ச அம்மா வேற" என்றாள் அம்மா. "குண்டை மறைச்ச அந்த அம்மாவை எனக்குத் தெரியவே தெரியாது. நீங்க முதல்ல பாத்தப்ப எப்படி இருந்தாங்கப்பா?"

தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குள்ளமா இருந்தா" என்றார். "தொளதொளன்னு அளவு சேராத உடுப்பு. கையை நாலா மடிச்சு விட்டிருந்தா. ஒரே கோபம். கஞ்சி குடிக்க மாட்டேன்னேன். 'குடிக்கலேன்னா மூக்கு வழியா ஊத்துவேன்'னா. சொன்னபடி செய்யற மூஞ்சியா இருந்துச்சு. குடிச்சுட்டேன்."

அம்மா புடவை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம்?" என்றாள்.